காப்பவன் தரும் அச்சம்: ‘தம் இறை’ என்னும் நிலைக்களன் குறித்து

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அதற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. முதல் மூன்றும் விளக்கம் வேண்டாதவை. புலனாகாத ஆற்றலும் கொடுவிலங்கும் வழிப்பறி செய்வோரும் மனிதரை அஞ்சச் செய்வது இயல்பு. இவற்றிலிருந்து குடிகளைக் காக்கும் கடமை உடையவன் இறை; அவனும் இதே நிரலில் இடம்பெறுவது ஏன்? நான்கு தலைப்புகளுக்கும் சங்கப் பாடல்களிலிருந்து எடுத்துக்காட்டுத் தேடுவதோடு அமையும் ஆய்வுகளில் இவ்வினா எழுவதற்கே வாய்ப்பில்லை. இறைமுன் தோன்றும் அச்சத்தைப் பணிவு எனக் கொண்டு கடந்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது.

வடமொழி நாட்டிய சாத்திரத்தோடு ஒப்பிட்டால் இவ்வினா கூர்மை பெறும். அந்நூல் பயானகச் சுவைக்குரிய காரணங்களாகத் திரிந்த ஒலி, பேயுருக் காட்சி, போர், காடு, ஆளற்ற வீடு முதலியவற்றைக் கூறி, ஆசிரியர்க்கும் அரசர்க்கும் இழைத்த பிழையையும் உடன் சேர்க்கிறது. அங்கே அரசன் அஞ்சப்படுவதற்கு அஞ்சுபவனின் குற்றம் முன்நிபந்தனை. தொல்காப்பிய நூற்பாவில் அந்நிபந்தனை இல்லை. உரையின் வழியாகக் குற்றத்தை உள்ளே கொண்டுவர இயலும். ஆனால் நூற்பாவின் சொற்கள் அதனை வேண்டி நிற்கவில்லை. குற்றமற்றவரும் இறைக்கு அஞ்சலாம் என்ற பொருளுக்கு அது இடம் தருகிறது.

புறநானூற்றின் 46ஆம் பாடல் இதற்குரிய சிறந்த சான்று. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மலையமானின் மக்களை யானைக்கு இட முற்பட்டபோது கோவூர்கிழார் பாடி அவர்களைக் காத்தார் என்கிறது அதன் கொளு. அச்சிறார் யானையைக் கண்டு தம் அழுகையை மறந்துவிடுகின்றனர். மன்றத்தைக் கண்டு மருண்டு, முன்பு அறியாத துன்பத்தை அடைகின்றனர் என்று புலவர் காட்டுகிறார். தம்மைக் கொல்ல நிற்கும் விலங்கு அவர்களுக்கு வேடிக்கைப் பொருள். மனிதர் கூடிய அவையே அச்சப்பொருள். எதற்கு அஞ்ச வேண்டும் என்பதைக் குழந்தைகள் தவறாகக் கணித்தனர் என இதனைக் கொள்வாரும் உளர். அவர்களின் கணிப்பு மிகச் சரியானது என்பதே என் கருத்து. யானை தானாக வரவில்லை; அதனைக் கொண்டு நிறுத்திய ஆணை அந்த மன்றத்தில் பிறந்தது.

இங்கு இரு தடைகள் எழலாம். மருளுதல் மருட்கையின் பாற்படும். புதுமை அதன் நிலைக்களன்களுள் ஒன்று என்பது முதல் தடை. எனினும் புலவர் அப்புதுமையைத் துன்பத்திற்கே அடையாக்குகிறார். வியப்பிற்கு அங்கு இடமில்லை. கிள்ளிவளவன் அச்சிறார்க்குப் பகைவனேயன்றித் ‘தம்’ இறை அல்லன் என்பது இரண்டாவது. இது வலுவான தடையே. பிறர் இறைக்கு அஞ்சும் அச்சத்தை நால்வகைப் பகுப்பு நேரடியாகத் தழுவவில்லை என்று ஒப்புவதே முறை. இதே பாடலில் ‘அஞ்சி’ என்னும் சொல்லும் வருகிறது. ஆனால் அது சிறாரைப் பற்றியதன்று. புலவரின் வறுமைத் துயருக்கு அஞ்சித் தம்மிடம் உள்ளதைப் பகுத்துண்ட மரபினர் என அவர்களின் குடியைச் சிறப்பிக்கும் இடத்தில் வருகிறது. பிறர் துயருக்கு அஞ்சும் இவ்வச்சத்திற்கும் நால்வகைப் பகுப்பில் இடமில்லை. இரக்கத்தை அச்சம் என்று பெயரிட்ட கோவூர்கிழார், அச்சத்தின் எல்லையை இலக்கண நூலைவிட அகலமாகக் கண்டிருக்கிறார்.

திருக்குறள் ‘வெருவந்த செய்யாமை’ என ஓர் அதிகாரமே வகுத்து, குடிகளை வெருட்டும் மன்னனின் கேட்டினைப் பேசுகிறது. அதற்கு முந்தைய கொடுங்கோன்மை அதிகாரத்தின் இரண்டாம் குறள் (552) இன்னும் நுட்பமானது. கோலேந்தி நிற்பவன் குடிகளிடம் பொருள் கேட்பதை, வேலேந்தி நின்று பறிப்பவன் செயலோடு அது ஒப்பிடுகிறது. வேலேந்தியவனைப் பரிமேலழகர் ஆறலைக்கும் கள்வனாகவே கொள்கிறார். அவ்வாறாயின் தொல்காப்பியர் தனித்தனியே எண்ணிய கள்வரும் இறையும் இங்கு ஒரே நிலைக்களனாகின்றனர்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இந்நிரலை மீண்டும் எழுதுகிறார். பெரியபுராணத் திருநகரச் சிறப்பில், மன்னுயிர்க்கு அரசன் தீர்க்க வேண்டிய பயங்கள் ஐந்து என்கிறான் மனுநீதிச் சோழன்: தன்னால், தன் பரிசனத்தால், பகைவரால், கள்வரால், பிற உயிர்களால் வருவன. பழைய பட்டியலின் அணங்கு இங்கு இல்லை. இறை முதலிடத்திற்கு நகர்ந்துவிட்டான். அதைவிட, இறையின் அச்சந்தரும் தன்மையை இறையே அறிவிக்கிறான். இளவரசனின் தேர்க்காலில் ஆன்கன்று இறந்ததற்குக் கழுவாய் செய்து அமையலாம் என்ற அமைச்சர்களின் கருத்தை மறுக்கும்போது அவன் இதனைச் சொல்கிறான். அமைச்சர்கள் இறப்பை ஒரு பிழையாகக் காண்கின்றனர். அரசனோ அதனைத் தன் பரிசனத்தால் குடிகளுக்கு வந்த பயமாகக் காண்கிறான் என்று இவ்விடத்தை வாசிக்கலாம். சேக்கிழாரும் சோழர் அமைச்சராக இருந்தவர் என்ற மரபுச் செய்தியை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். ஐந்தாவதாக எண்ணப்பட்ட ‘உயிர்களால் வரும் பயம்’ கதையில் தலைகீழாகவே நிகழ்கிறது. தொல்காப்பியத்தில் விலங்கு அஞ்சப்படுவது. திருவாரூர் வீதியில் அது இறையின் மகனால் இறப்பது. ஆராய்ச்சி மணியை அசைத்து இறையிடமே முறையிட வருவதும் அக்கன்றின் தாயே.