எழுத்தைப் பிடித்து ஆடுவோம்

பிள்ளைகளோடு ஆடும் சொல் விளையாட்டுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால், தமிழ் எழுத்தின் இயல்பிலிருந்து முளைத்தவை தாமாக ஓடுகின்றன. ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுத்து வந்தவை சீக்கிரம் நின்றுபோகின்றன.

சொற்சங்கிலியையே எடுத்துக்கொள்வோம். முடிந்த எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்க வேண்டும். ‘மரம்’ என்றால் ‘மயில்’ எனலாம். அடுத்தது ல. தமிழ்ச் சொற்கள் ல-வில் தொடங்குவதில்லை என்றாலும், பிள்ளைகள் ‘லாரி’, ‘லட்டு’ என்று தப்பித்துவிடுவார்கள். ‘மீன்’, ‘தேள்’ வந்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். ன, ள, ண, ழ, ற எதுவும் மொழிக்கு முதலில் வராது.

இதற்கு விடை அந்தாதியில் இருக்கிறது. அது எழுத்தை மட்டுமல்ல, முழுச் சொல்லையும் பிடித்துக்கொண்டு நகரும். வாழைமரம், மரக்கிளை, கிளைக்கதை, கதைப்புத்தகம், புத்தகக்கடை, கடைத்தெரு, தெருவிளக்கு, விளக்குத்திரி… ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் இதில் சளைக்காமல் ஓடுவார்கள். ‘கடைத்தெரு’வில் த் எங்கிருந்து வந்தது, ‘மரக்கிளை’யில் ம் எங்கே போனது என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். புணர்ச்சி விதியை நுழைக்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

திருப்பி வாசிப்பதும் அப்படித்தான். விகடகவி எல்லோருக்கும் தெரியும்; ‘கைரேகை’, ‘தாத்தா’ இரண்டும் அதே ஜாதி என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விட வேண்டும். இந்த வித்தையில் ஒரு பதிகம் முழுவதையும் பாடியவர் ஏழாம் நூற்றாண்டின் திருஞானசம்பந்தர். மாலைமாற்று என்பது அதன் பெயர். தெருப் பிள்ளைகளின் ‘க’ பாஷையும் இதே பிடிமானத்தில் நிற்கிறது. ‘வாடா’ என்பது ‘கவாகடா’ ஆகிறது. எழுத்து பிரிக்கத் தெரியாதவர்கள் அதைப் பேசவே முடியாது.

எழுத்தைக் குறைத்துக் குறைத்து வேறு பொருள் காண்பது சித்திரக்கவியில் அக்கரச்சுதகம். அதை விடுகதையாக்கலாம். மூன்றெழுத்து: தலையை எடுத்தால் காலில் இடறும், இடுப்பை எடுத்தால் வாயில் இருக்கும், முழுசாக இருந்தால் வெளிச்சம். விடை, பகல். இப்படி ஒன்றைப் பிள்ளையே கட்டும்போதுதான் விளையாட்டு சூடுபிடிக்கும்; பெரியவர்கள் விடை தெரியாமல் விழிப்பதில் அவர்களுக்கு அத்தனை குஷி.

நாப்பிறழ்ச் சொற்றொடர்கள் ல, ள, ழ பழக்கும். பள்ளிகளில் அவை ஏற்கெனவே நிறையப் புழங்குகின்றன. எனக்கு அதிகம் பிடித்தது, யாரும் இப்போது ஆடாத நிரோட்டம். உதடு ஒட்டாமல் பாடும் கவிதை அது. 341ஆம் குறளைச் சொல்லிப் பாருங்கள், உதடுகள் ஒருமுறைகூடச் சேராது. வீட்டில் ஆட ப, ம, வ மூன்றையும் விலக்கினால் போதும். ஐந்து நிமிடம் அப்படிப் பேச வேண்டும். அம்மா, அப்பா இருவரையும் கூப்பிட முடியாது. தாய், தந்தை என்றுதான் அழைக்க வேண்டும். பாட்டியும் கிடையாது, ஆச்சி உண்டு. அக்கா, அண்ணன், தாத்தா தடையின்றி வரலாம். சாப்பாடு கேட்கத் தவிக்கிற பிள்ளை, ‘சோறு தாங்க’ என்று கண்டுபிடித்துவிடும்.