வாசிக்கும்போது வேண்டாத பெயர்

"யார் வேண்டுமானாலும் பங்களிக்கலாம்" என்பது திறந்த மூல மென்பொருளின் வாக்குறுதி. நிரல் எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. திருத்தி அனுப்பலாம், நன்றாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். பாலினமும் பட்டமும் யாரும் கேட்பதில்லை. நான் நிரல் எழுதுபவள் அல்ல. ஒரு பிரதிக்கு ஆசிரியர் யார் என்ற கேள்வியை வகுப்பில் எழுப்புபவள். அந்தக் கேள்வியோடுதான் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் மாற்றப் பதிவேட்டை வாசித்தேன்.

1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போஸ்ட்கிரெஸை 1996 முதல் உலகின் பல மூலைகளிலிருந்தும் பலர் கூடி வளர்க்கிறார்கள். அதோடு வரும் கட்டளை வரிக் கருவி பிஎஸ்க்யூஎல். பின்சாய்கோடும் ஓரெழுத்தும் தட்டினால் அட்டவணையின் அமைப்பு திரையில் விரியும். இதில் ஒரு புதுக் கட்டளையைச் சேர்க்க நிரல் மட்டும் போதாது. உதவிக் குறிப்பு எழுதவேண்டும், கையேட்டைத் திருத்தவேண்டும், சோதனைகள் சேர்க்கவேண்டும். இவற்றைக் கட்டி அனுப்புவதுதான் பேட்ச். மற்றவர்கள் அதைப் படித்துக் குறை சொல்வார்கள். திரும்பத் திரும்பத் திருத்த நேரும். முடிவில் களஞ்சியத்தில் சேர்க்கும் உரிமை கமிட்டர் எனப்படும் சிலரிடம் மட்டுமே உண்டு.

கிட் என்னும் பதிவு முறை, எழுதியவருக்கு ஓரிடமும் சேர்த்தவருக்கு ஓரிடமும் தனித்தனியே வைத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸின் நீண்டகால வழக்கத்தில் இரண்டிலும் கமிட்டரின் பெயரே இருக்கும். எழுதியவர், சரிபார்த்தவர், பிழையைச் சொன்னவர் பெயர்கள் கீழே குறிப்பில் வரும். மொழிபெயர்ப்பாளர்களுக்கு அதுவும் இல்லை. அவர்கள் உழைப்பு வேறொரு களஞ்சியத்தில் சேர்ந்து, முதன்மைக் களஞ்சியத்துக்கு 'மொழிபெயர்ப்புப் புதுப்பிப்பு' என்ற ஒற்றைத் தலைப்பில் மொத்தமாக வந்து இறங்குகிறது. 10ஆம் பதிப்பு முதல் வெளியீட்டுக் குறிப்பில் பங்களித்தவர்கள் பெயர் அகரவரிசையில் அச்சாகிறது. நல்ல மாற்றம்தான், ஆனால் யார் எதைச் செய்தார் என்று அந்தப் பட்டியல் சொல்லாது.

பெண்களுக்கு இதில் என்ன? 2017இல் கிட்ஹப் நடத்திய கணக்கெடுப்பில் பதிலளித்தவர்களில் ஆண்கள் 95 விழுக்காடு, பெண்கள் 3. அதே ஆண்டு பியர்ஜே கணினி அறிவியல் இதழில் வந்த ஆய்வு, மொத்தக் கணக்கில் பெண்கள் அனுப்பிய மாற்றங்களே கூடுதல் விகிதத்தில் ஏற்கப்பட்டதாகக் கண்டது. ஆனால் ஒரு திட்டத்துக்கு வெளியிலிருந்து வருபவரின் பாலினம் அடையாளம் தெரிந்தபோது, ஆண்களின் விகிதமே உயர்ந்து நின்றது.

ஆக, வாயால் கேட்காத பாலினத்தைக் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். முதலெழுத்துகளுக்குப் பின்னே மறைந்தால் நிரல் உள்ளே போகும், எழுதியவள் பெண் என்பது பதியாது. பெயரோடு போனால் பதியும், உள்ளே போவது கடினம். குறுந்தொகையில் பெயர் தெரியாத புலவரைப் பாட்டின் தொடரைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்றார்கள். அவர் ஆணா பெண்ணா என்பதற்கு அந்தப் பெயரில் விடையில்லை. ஆண் என்றே வாசித்துப் பழகிவிட்டோம். பெயரற்ற இடத்தில் ஆணை நிரப்புவது பழைய பழக்கம்.

பெயர் இருந்தாலும் மறதி வரும். 1979இல் ஐபிஎம்மில் பாட்ரிசியா செலிஞ்சர் முதல் ஆசிரியராக இருந்து எழுதிய கட்டுரை, ஒரு வினவலுக்கான பல வழிகளில் செலவு குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தது. போஸ்ட்கிரெஸ் வினவலுக்கு வழி தேடுவதும் அந்த மரபில்தான். தினமும் வினவல் தட்டுபவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

மாணவிகளுக்குப் 'பெயரை மறை' என்றோ 'துணிந்து காட்டு' என்றோ நான் சொல்லமாட்டேன். இரண்டிலும் சுமை அவள் தலையில்தான். மாறவேண்டியது முறை. நம் பல்கலைக்கழகங்களில் விடைத்தாளுக்கு டம்மி எண் போட்டுத் திருத்துகிறோம். மதிப்பெண் பட்டியலில் பெயர் அச்சாகிறது. விவாதித்துத் திருத்தும் வேலையில் பெயரை முழுக்க மறைக்க முடியாது என்பார்கள். முதல் வாசிப்பிலாவது முடியும். அதன்பின் எழுதியவர் பெயர் எழுதியவருக்கான இடத்திலும், கையேடு திருத்தியவர், மொழிபெயர்த்தவர் பெயர்கள் அவரவர் வேலைக்கு நேராகவும் நிற்கட்டும். கதவு திறந்திருக்கிறது என்று சொல்பவர்கள் செய்யவேண்டிய வேலை இது.