வாரிசுக் கணக்கு

வெல்வெட் அண்டர்கிரவுண்டின் முதல் இசைத்தட்டை (1967) வாங்கியவர்கள் சொற்பம். ஆனால் வாங்கிய ஒவ்வொருவரும் ஒரு குழு ஆரம்பித்தார்கள். பிரையன் ஈனோ 1982ல் ஒரு பேட்டியில் சொன்னதன் சாரம் இது. ராக் பற்றி எழுதுகிறவர்கள் இன்றுவரை இதை மந்திரம் மாதிரி ஓதிக்கொண்டிருக்கிறார்கள். சிறுபத்திரிகைக்காரர்களுக்கும் இது இனிக்கும். முன்னூறு பிரதிதான், ஆனால் படித்தவனெல்லாம் எழுத்தாளன் என்று நாமும் சொல்லிக்கொள்கிறவர்கள்தானே. எனக்கு இது வேறுவகை வியாபாரப் புத்தியாகவே படுகிறது. விற்பனைக் கணக்குக்குப் பதில் வாரிசுக் கணக்கு. ஒரு படைப்பை அதன் பிள்ளைகளை எண்ணி மதிப்பிடுவது விமர்சனம் ஆகாது.

வம்சாவளி தெரியாமல் கேட்பதில் ஒரு லாபம் உண்டு. நான் இந்த இசைக்குள் வந்தது பின்வாசல் வழியாக. முதலில் கிடைத்தது ஸ்லின்ட் குழுவின் ‘ஸ்பைடர்லேண்ட்’ (1991). அமெரிக்காவில் லூயிவில் நகரத்துப் பையன்கள். தட்டு வெளிவருமுன்பே குழு கலைந்துவிட்டது. ஆறே பாடல்கள். பாடல் என்பதுகூடச் சரியில்லை. குரல் பெரும்பாலும் பேசுகிறது, அதுவும் பக்கத்து அறையில் யாரோ தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. ‘டான், அமான்’ என்பதில் டிரம்ஸே கிடையாது. இரண்டு கிதார், ஒரு குரல், அவ்வளவுதான். கடைசிப் பாடலின் முடிவில் குரல் அலறுகிறது. முன்பும் குரல் உயர்ந்ததுண்டு, இப்படி உடைந்ததில்லை. அந்த அலறலைத் தனியே எடுத்துக் கேட்டால் வெறும் சத்தம். அதற்கு முன் அரைமணி நேரத்துக்கும் மேலாக அடக்கிவைத்ததெல்லாம் பின்னால் நிற்பதால்தான் அது தாங்கமுடியாததாகிறது. இதை வினைல் தட்டில்தான் கேட்கவேண்டும் என்ற பொருளில் குறுந்தட்டின் உறையிலேயே ஒரு வரி போட்டிருந்தார்கள். (வாங்கியவனைக் கேலி செய்வது மாதிரிதான்.)

அங்கிருந்து பின்னோக்கி 1967க்கு வந்தேன். ‘ஹெராயின்’ பாடலில் இரண்டே கார்டுகள், ஏழு நிமிஷம். வேகம் ஏறுகிறது, தளர்கிறது, மறுபடி ஏறுகிறது. ஜான் கேலின் வயோலா இழுத்துக்கொண்டே வந்து கடைசியில் கீச்சிடுகிறது. அந்த அமளியில் ஓரிடத்தில் மொரீன் டக்கரின் டிரம்ஸ் நின்றுபோகிறது. மற்றவர்கள் வாசிப்பது காதில் விழாததால் நிறுத்திவிட்டேன் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பதிவில் அது அப்படியே இருக்கிறது. கேட்கிறவனுக்கோ காலடியில் தரை இல்லாமற்போன கணம். எந்த வாரிசும் இதைக் கற்றுக்கொண்டு போயிருக்க முடியாது.

நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’ (1972) லண்டனில் இரண்டு இரவுகளில் பதிவானது. 28 நிமிஷம். குரலும் கிதாரும், முதல் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோவும். 1974ல், 26 வயதில், அவர் இறந்தார். 1999ல் அந்த முதல் பாட்டு ஒரு ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரத்தில் வந்ததும் தட்டு விற்க ஆரம்பித்தது. தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள். எனக்கு வருத்தமில்லை. விளம்பரத்தைப் பார்த்து வந்தவனும் பியானோ இல்லாத பாக்கிப் பத்துப் பாட்டுகளைத் தனியாகத்தான் கடந்தாகவேண்டும்.

இவற்றை நான் பாடல்களாக அல்ல, தட்டுகளாகவே சொல்லிக்கொண்டு வருகிறேன். எது எதன் பின்னால் வருகிறது என்பதில்தான் இவற்றின் உருவம் இருக்கிறது. ஒரு கவிதைத் தொகுதியில் ஐந்தாவது கவிதை ஏன் ஐந்தாவதாக இருக்கிறது என்று நம்மில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்று கைபேசியில் குலுக்கிப்போட்டுக் கேட்பவனுக்குக் கிடைக்காமற்போவது இந்த உருவம்.

இந்த எண்ணத்துக்கு இடைஞ்சலாக நிற்பது பிக் ஸ்டாரின் மூன்றாவது தட்டு. மெம்ஃபிஸில் 1974ல் பதிவாகி 1978ல்தான் வெளிவந்தது. பெயரே இரண்டு: ‘தேர்ட்’, ‘சிஸ்டர் லவர்ஸ்’. வரிசை தீர்மானமாகாமலே போய்விட்டது. 1978 பதிப்பில் ஒன்று, 1992ல் வேறொன்று. ஆனாலும் எந்த வரிசையில் கேட்டாலும் ஒரே இடிபாட்டுக்குள் நடக்கிற உணர்வுதான். ‘ஹோலோகாஸ்ட்’ எங்கே வந்தாலும் அக்கம்பக்கத்தில் உள்ளவை இருண்டுவிடுகின்றன. உருவம் வரிசையில் இல்லையென்றால் பின் எங்கேயிருக்கிறது? அலெக்ஸ் சில்டனின் குரலிலா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இதே தட்டில், வெல்வெட் அண்டர்கிரவுண்டின் அந்த முதல் தட்டில் நிக்கோ பாடிய ‘ஃபாம் ஃபதால்’ இருக்கிறது. வாரிசுக் கணக்கர்கள் துள்ளிக் குதிப்பார்கள். ஆனால் சில்டனிடம் மூத்தவர்களுக்கு மரியாதை செலுத்தும் பாவனை கொஞ்சமும் இல்லை. நிக்கோ எச்சரிக்கையாகப் பாடியதை, ஏற்கனவே எல்லாம் நடந்து முடிந்துவிட்டவன் மாதிரி அவர் பாடுகிறார்.