நிகிதாவுக்கு முன்பே வந்தவள்

ஐரோப்பியக் குற்றக்கதையில் கொலைகாரி பிறந்தது 1990-இல், லுக் பெஸ்ஸோனின் 'நிகிதா' படத்தில்தான் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 2018-இல் 'கில்லிங் ஈவ்' தொடர் வந்தபின் இதை யாரும் மறுப்பதுகூட இல்லை.

மறுத்தாக வேண்டும். க்ளூஸோவின் 'லே தியபோலிக்' படம் 1955-இலேயே வந்துவிட்டது. த்ரூஃபோவின் 1968 படத்தில் ழான் மோரோ, தேவாலயப் படியில் கணவனைப் பலிகொடுத்த மணப்பெண்ணாக ஐந்து ஆண்களைத் தேடிச் செல்கிறார். 1973-இல் ஸ்வீடனின் 'த்ரில்லர்' அதே பழிவாங்கலை ரத்தம் கொட்டக் கொட்டச் சொன்னது. ஆனால் இவர்களுக்கெல்லாம் கொல்லும் காரணத்தை வேறொருவர் கொடுத்திருக்கிறார். நிகிதாவுக்கோ துப்பாக்கியையே அரசு கொடுக்கிறது.

1977-இல் வந்த இரண்டு நாவல்கள்தான் இந்தத் தடத்தை மாற்றின. முதலாவது ழான்-பத்ரிக் மான்ஷெத்தின் 'ஃபதால்'. காலிமார் பதிப்பகம் இதைத் தன் புகழ்பெற்ற குற்றக்கதை வரிசையான 'செரி நுவார்'க்கு வெளியே வெளியிட்டது. தொடக்கத்திலேயே வேட்டைக்கு வந்த பணக்காரர் ஒருவரை நாயகி எமே சுட்டுத் தள்ளுகிறாள். பிறகு ரயில் பெட்டிக்குள் ஷாம்பெயினும் புளித்த முட்டைக்கோசும் இறைச்சியும் வரவழைத்துத் தின்றபடி, சம்பாதித்த நோட்டுகளை உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்கிறாள். குமட்டலும் பரிதாபமும் ஒருங்கே எழுப்பும் இக்காட்சியில், அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று மான்ஷெத் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அமெரிக்கக் குற்றக்கதை எழுத்தாளர் ஹாமெட்டிடம் கற்ற முறை அது: கை செய்வதை மட்டும் எழுது.

அவள் இறங்கும் துறைமுக ஊரின் பெயர் ப்ளேவில். 'ப்ளே' என்றால் கோதுமை. பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் பணம். ஊர்ப் பெரியமனிதர்களோடு பழகி, அவர்களுக்குள் புகையும் பகையை மோப்பம் பிடித்து, ஒருவருக்காக இன்னொருவரைக் கொல்லக் கூலி வாங்குவதே அவள் தொழில். கொடுமைக்காரக் கணவனைக் கொன்ற பழைய கதை சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அவளை விளக்க மான்ஷெத்துக்கு அந்த ஊரே போதும். பிரான்சின் 1968 மே எழுச்சியின் தோல்வியைக் கண்டவரின் கோபம் இது.

இரண்டாவது, ரூத் ரெண்டலின் 'எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்'. எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரி, தன்னை வேலைக்கு வைத்த குடும்பத்தையே கொல்கிறாள். கொன்றவள் யார், ஏன் கொன்றாள் என்பதை முதல் வாக்கியமே சொல்லிவிடுகிறது. இயக்குநர் ஷப்ரோல் 1995-இல் இதை 'லா செரமோனி' என்ற படமாக்கினார். அங்கே அக்குடும்பத்தின் வேட்டைத் துப்பாக்கிகளே அவர்கள்மீது திரும்புகின்றன. அதில் நடித்த ஸாண்ட்ரின் பொன்னேரும் இஸபெல் உப்பேரும் வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். மான்ஷெத் இறந்ததும் அதே ஆண்டில்தான்.

'கில்லிங் ஈவ்' ஆடையழகும் 'நிகிதா' பயிற்சிமுகாமும் கொலைகாரியைப் பொம்மையாக்கிவிட்டன. கூலியும் வர்க்கமும் அவளை மனுஷியாக்கின. 'ஃபதால்' 2011-இல் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது, சிறிய நூல்தான். அடுத்த கொலைகாரித் தொடரைத் தொடங்குமுன் ஓர் இரவை அதற்குக் கொடுங்கள்.