தோட்டத்துக் கேள்விகளால் நிறைந்த இதழ்

ஒரு தொழிலுக்கென்று நடத்தப்படும் இதழுக்கு விஷயம் அந்தத் தொழிலின் சந்தேகங்களிலிருந்தே கிடைக்கிறது. 1881இல் கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் தொடங்கிய 'ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்' மாத இதழ் இதற்கு நல்ல சான்று.

அது பிறந்த வேளை அப்படி. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கண்டி மலைகளின் கோப்பியை அழித்துக்கொண்டிருந்தது. தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். ஆனாலும் சிங்கோனாவா, கொக்கோவா, தேயிலையா என்று துரைமார் தடுமாறினர். எந்த உயரத்தில் எது வளரும், என்ன உரம் போடுவது, எந்தப் பூச்சி தின்கிறது? இந்தக் கேள்விகளே இதழின் மூலதனம். ஒருவர் கடிதம் எழுத, இன்னொருவர் மறுக்க, வாதம் வளரும். இதழாசிரியர் வேலையில் ரசிக்கத்தக்கது இதுதான்: தாம் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லாமல் வாசகரைப் பேசவிடுவது. சந்தை விலைகளும் பிறநாட்டு இதழ்களின் மறுபதிப்புகளும் மிச்சப் பக்கங்களுக்கு உதவின.

பின்னாளில் இதழ் பேராதனை விவசாயத் திணைக்களத்தின் கைக்கு வந்தது. அங்கே பரிசோதனை வயலும் ஆய்வுகூடமும் விஷயம் தந்தன; கட்டுரைகளின் நம்பகம் கூடியது, சண்டையின் சுவை சற்றுக் குறைந்தது.

இன்று கண்டியில் வாசனைத் திரவியம் விற்பவர் வாடிக்கையாளருக்கு மடல் எழுத நினைத்தாலும் கேள்விகளிலிருந்து தொடங்குவதே வழி. அசல் கறுவாவை எப்படி அறிவது, மிளகு ஏன் பூசணம் பிடிக்கிறது என்று கடைக்கு வருபவர் கேட்பதைக் குறித்துவைத்தால், பல மாதங்களுக்கு விஷயம் தேறும்.