சாம்பல் வண்ணத் தீயணைப்பு வண்டி

பழைய வாகனங்களைச் சீரமைக்கும் கலையில், மெருகேற்றும் திறமையைவிட மெருகேற்றாமல் நிறுத்திக்கொள்ளும் திறமையை அதிகம் கேட்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் செய்யப்பட்ட தீயணைப்பு வண்டியாகும். சத்துவாச்சாரியிலோ ஆம்பூரிலோ தீயணைப்பு வண்டி என்றதும் மனத்தில் தோன்றும் சிவப்பு நிறம் இதற்கு உரியதன்று. பளபளக்கும் பித்தளைக்கும் இதில் இடம் மிகக் குறைவு. எனினும் தோல் பதனிடுதலைத் தலைமுறைத் தொழிலாகக் கொண்ட வேலூர் வட்டாரத்தவர் இவ்வண்டியை ரசிப்பதற்குத் தனியான ஒரு காரணம் உண்டு. அது அதன் இருக்கையில் இல்லை, பம்புக்குள் இருக்கிறது.

இதன் எளிமையை உணர, இதற்கு முந்தைய தலைமுறை வண்டி ஒன்றை அருகில் நிறுத்திப் பார்க்க வேண்டும். புதுதில்லியிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் காக்கப்பட்டு, ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் நடத்தும் பழம்வாகனப் பேரணிகளிலும் கலந்துகொண்டுள்ள ஜான் மோரிஸ் வண்டி அத்தகையது. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரிலிருந்த ஜான் மோரிஸ் நிறுவனம் 1914இல் கட்டிய இவ்வண்டி, நிஜாம் அரசு ரயில்வேயில் பணிபுரிந்தது. ‘எம்டன்’ கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்ததும் அதே 1914இல்தான் என்றாலும், மோரிஸ் வண்டியின் உருவத்தில் போரின் சாயல் சிறிதும் இல்லை. ஊர்வலத்தில் செல்லும் பெருமிதத்தோடு கட்டப்பட்ட வண்டி அது. அதற்கு மெருகேற்றுவது அதன் இயல்புக்கு இசைவானதே.

1938க்குப் பின் வந்த வண்டிகளின் கதை வேறு. விமானக் குண்டுவீச்சை எதிர்பார்த்த பிரிட்டன், தன்னார்வலர்களைக் கொண்டு துணைத் தீயணைப்புப் படை ஒன்றை அவ்வாண்டு அமைத்தது. அதற்கு வேண்டிய வண்டிகள் கைவசம் இல்லாததால், லண்டனில் ஏறத்தாழ 2,000 வாடகை டாக்சிகளை அமர்த்தி, அவற்றின் பின்னால் டிரெய்லர் பம்புகளை, அதாவது சொந்த எஞ்சினும் இரு சக்கரங்களும் கொண்டு இழுத்துச் செல்லப்படும் பம்புகளைப் பூட்டினார்கள். டாக்சிகளின் இடத்தை நிரப்ப வந்ததே ஆஸ்டின் நிறுவனத்தின் 2 டன் கே2 வண்டி. ஆறு சிலிண்டர், ஏறத்தாழ மூன்றரை லிட்டர் எஞ்சின், எஃகுத் தகட்டால் ஆன பெட்டி, உள்ளே வீரர்கள் அமர நீளப் பலகைகள், கூரைமேல் ஏணி, பின்னால் பம்பைப் பூட்டும் கொக்கி என்பவற்றைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. அதன் கூரைகூட மழைக்காக மட்டும் அமைந்ததன்று. எரியும் கட்டடங்களிலிருந்து விழும் இடிபாடுகளைத் தாங்குவதற்காகவும் அமைந்தது. முகப்பில் பெட்ஃபோர்டு லாரியை அப்படியே ஒத்திருந்ததால், ஆஸ்டின் லாரிகளை ‘பர்மிங்காம் பெட்ஃபோர்டு’ என்று பிரிட்டானியர் கேலி செய்தனர். அந்தக் கேலியில் நியாயம் உண்டு. ஆனால் தேவைக்கு மேல் ஒரு கோடுகூட வரையாத அந்த முகம், பிற்கால வண்டிகள் பலவற்றின் முகத்தைவிடக் கண்ணியமானது என்றே சொல்ல வேண்டும்.

சீரமைப்பாளரின் முதல் சோதனை வண்ணத்தில் தொடங்குகிறது. 1941 ஆகஸ்டில் ஊர்தோறும் தனித்தனியாக இயங்கிய படைகள் தேசியத் தீயணைப்புப் பணியாக ஒன்றிணைக்கப்பட்டன. 1948 ஏப்ரலில் மீண்டும் உள்ளாட்சிகளிடம் திரும்பின. போர்க்காலத்தில் சாம்பல் நிறத்தில் இருந்த வண்டிகள் பல, அவ்வாறு கைமாறிய பின்னரே சிவப்பைப் பெற்றன. ஆகவே, உப்புத்தாளை நீரில் நனைத்து ஓரிடத்தில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், சிவப்பு அடுக்குகளுக்கு அடியில் சாம்பலும் அதற்கடியில் அடிப்பூச்சும் மர வளையங்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். இந்த வட்டமே அவ்வண்டியின் பணிப்பதிவேடு. நல்ல சீரமைப்பாளர் அதைப் படம்பிடித்து, நிறத்தை அளந்து, முடிந்தால் கண்ணில் படாத ஒரு மூலையில் அப்படியே விட்டுவைப்பார். விளக்கணைப்புக் கால விதிப்படி மட்காடு விளிம்புகளில் பூசப்பட்ட வெள்ளையும், ஒளி மேலே சிதறாமல் கீழே மட்டும் விழும்படி முகப்பு விளக்குகளுக்கு இடப்பட்ட மூடியும் இதே கவனத்தைக் கேட்பவை. இன்றைய பளபளப்பான கார் பெயிண்டை இதன்மேல் அடிப்பது, பார்ப்பவர் பாராட்டினாலும், பிழையே.

தகரவேலையிலும் இதே மனக்கட்டுப்பாடு தேவைப்படுகிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் டிங்கரிங் எனப்படும் இவ்வேலையில், நெளிவை எடுத்தபின் மேடுபள்ளம் தெரியாதிருக்கப் பட்டி பூசித் தேய்ப்பது வழக்கம். ஆனால் அவசரத்தில் பற்றவைத்து அனுப்பப்பட்ட போர்க்காலத் தகடு தொடக்கத்திலேயே கண்ணாடிபோல் சமமாக இருந்ததில்லை. துருப்பிடித்த பகுதியை வெட்டி அதே கனத் தகட்டை இட்டுப் பற்றவைக்கும் வல்லுநர், அந்தப் பழைய சமமின்மையையும் ஓரளவு விட்டுவைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்; இது சொல்வதற்கு எளிது, செய்த வேலையின் சுத்தத்தில் பெருமை கொள்ளும் கைகளுக்கு மிகக் கடினம்.

இனித் தோல். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என நீளும் இவ்வட்டாரத்தில் பழைய வாகனச் சீரமைப்பு என்றதும் இருக்கைகளுக்கு உயர்ந்த தோல் தைப்பதே நினைவுக்கு வரும். போர்க்காலத் தீயணைப்பு வண்டியில் அந்த ஆசையை அடக்க வேண்டும். அக்காலப் படை வண்டிகளின் இருக்கைகள் பெரும்பாலும் கித்தானாலோ, துணிமேல் ரசாயனப் பூச்சிட்டுத் தோல்போல் செய்யப்பட்ட ரெக்ஸினாலோ மூடப்பட்டவை. தோல் வேறிடங்களுக்குத் தேவைப்பட்டது. முதல் உலகப் போரிலேயே சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல், பிரிட்டானியப் படைவீரர்களின் பூட்ஸுகளுக்கு மேல்தோலாகப் பெருமளவில் கப்பலேறியிருந்தது. எனவே உலகுக்கே தோல் அனுப்பும் ஊரில் இவ்வண்டி சீரமைக்கப்பட்டாலும் அதன் இருக்கைக்கு ரெக்ஸினே பொருத்தம்.

தோலுக்கு உரிய இடம், பம்பின் மூட்டுகளும் பிஸ்டன்களும். டிரெய்லர் பம்பில் நீரைத் தள்ளுவது மையவிலக்குப் பம்பு. வேகமாகச் சுழலும் இறக்கைச் சக்கரம் நீரை விளிம்புக்கு எறிந்து அழுத்தம் தருவது அதன் இயக்கம். காற்றை அதனால் இழுக்க முடியாது. ஆகவே உறிஞ்சு குழாயிலுள்ள காற்றை முதலில் வெளியேற்றும் ‘பிரைமர்’ என்னும் துணைக்கருவி வேண்டும். குண்டுகள் தெருவுக்கடியிலிருந்த குடிநீர்க் குழாய்களை உடைத்த நகரங்களில், ஆற்றிலிருந்தும் தொட்டியிலிருந்தும் நீரை உறிஞ்சியே ஆகவேண்டிய நிலை இருந்ததால், இந்தச் சிறு கருவியே வண்டியின் உயிராயிற்று. உறிஞ்சும் உயரத்துக்கு இயற்கை விதித்த எல்லை கொள்கையளவில் ஏறத்தாழ 10 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர் அளவே. 1940 டிசம்பர் 29 இரவு லண்டன் எரிந்தபோது தேம்ஸ் ஆறு வற்றத்தின் அடிமட்டத்தில் இருந்தது தீயணைப்போரை எவ்வளவு வாட்டியிருக்கும் என்பதை இந்த எண்களே சொல்லும்.

பிரைமர்களில் பிஸ்டன் வகைக்கும் அதற்கு முந்தைய கைப்பம்புகளுக்கும் கிண்ண வடிவில் வார்த்த தோல் வாஷர் பொருத்துவது மரபு. அதைச் செய்யும் முறை இவ்வட்டாரத்தவர் நன்கறிந்த பொருள்களையே கேட்கிறது. குரோம் உப்பால் பதனிட்ட தோல் மென்மையும் நெகிழ்வும் கொண்டது, காலணிக்கு ஏற்றது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட தடித்த தோலோ, நனைத்து அச்சில் அழுத்திக் காயவைத்தால் தந்த வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்வது. அவ்வாறு அச்சில் ஏறிய கிண்ணத்தின் விளிம்பை ஒரே சீராகச் சாய்த்துச் சீவி, உருக்கிய கொழுப்பிலோ மெழுகிலோ ஊறவைத்தால், நீரின் அழுத்தமே விளிம்பை உருளைச் சுவரோடு ஒட்டவைக்கும். அழுத்தம் கூடக்கூடப் பிடிப்பும் கூடும். ரப்பர் இவ்வேலையை மலிவாகச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் தேய்ந்த பித்தளை உருளையோடு தோல் பழகிக்கொள்வதுபோல் ரப்பர் பழகுவதில்லை. குரோம் பதனீடு பரவியபின் ஆவாரம்பட்டைக் குழிகள் குறைந்துவிட்ட இப்பகுதியில், இத்தகைய ஒரு சிறு வாஷருக்காகவேனும் அக்கைவினை தேவைப்படுவது மகிழ்ச்சிக்குரியது.

வாஷர்கள் சரியாக அமைந்தனவா என்பதை நீரின்றியே சோதிக்கலாம். உறிஞ்சு வாயை மூடியால் அடைத்து, பிரைமரை இயக்கி, வெற்றிட மானியின் முள் ஏறியபின் நிறுத்தினால், முள் அங்கேயே நிற்க வேண்டும். விரைவாகச் சரிந்தால் எங்கோ காற்று நுழைகிறது. பூச்சையும் பளபளப்பையும் பார்த்து மதிப்பெண் இடும் பேரணி நடுவர்கள் இந்த முள்ளையும் பார்த்தால் பரிசுகளின் வரிசை மாறிப்போகும். இவ்வகைப் பம்புகளைச் செய்த கோவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம், போர் முடிந்தபின், தீயணைப்புப் பம்புக்காக வடிவமைத்த எடை குறைந்த எஞ்சினிலிருந்து பந்தய எஞ்சின்களுக்கு வளர்ந்து, 1959, 1960 ஆண்டுகளில் கூப்பர் கார்களை ஃபார்முலா ஒன் வாகையராக்கியது ஒரு சுவையான கிளைக்கதை.

இவ்வண்டிகளைப் பிறப்பித்த போர்க்காலத் தீ இந்தியாவையும் விட்டுவைக்கவில்லை. இங்கே அதன் பெருங்கொடுமை 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நேர்ந்தது. பஞ்சுப் பொதிகளோடு வெடிமருந்தும் ஏற்றியிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பல் வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அந்நாளே நாடெங்கும் தீயணைப்போர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மீண்டும் பம்புக்கே வருவோம். சீரமைத்த பம்பின் நீர் வெளியேறும் வாயில், திருகாமல் தள்ளினாலே பூட்டிக்கொள்ளும் இரண்டரை அங்குல இணைப்பு இருக்கும். குழாய் இணைப்புகள் ஊருக்கு ஊர் வேறுபட்டதால் உதவிக்கு வந்த படைகள் கைகட்டி நிற்க நேர்ந்த அனுபவமே, பிரிட்டனில் அதைப் பொது அளவாக்கக் காரணமாயிற்று. இந்தியத் தர நிர்ணயத்திலுள்ள 63 மில்லிமீட்டர் இணைப்பும் அவ்வழியில் வந்ததே. ஆகையால் இவ்வகை வண்டியைச் சீரமைப்பவர், குழாய்க்கும் நீர்ச் சோதனைக்கும் அருங்காட்சியகங்களைத் தேடி அலைவதற்கு முன், தம் ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் கதவைத் தட்டிப் பார்க்கலாம்.