கனவு என்று சொன்னால் போதுமா?

சென்ற ஆண்டு ஒரு திரைப்படக் கழகத்தில் 'முல்ஹாலண்ட் டிரைவ்' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் நின்ற இளைஞர் ஒருவர் இரண்டே வாக்கியத்தில் படத்தை முடித்துவிட்டார். "முதல் இரண்டு மணி நேரம் அந்தப் பெண் காணும் கனவு, ஸார். கடைசி அரைமணி நேரம்தான் நிஜம்." சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் சாப்பிட்டு முடிந்ததும் இலையை மடித்து எறிகிற மாதிரி, அந்த முதல் இரண்டு மணி நேரத்தை அவர் மடித்து எறிந்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரோடு மனத்துக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். அந்த வாதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படத்தை எடுத்தவர் டேவிட் லிஞ்ச். வெளிவந்தது 2001-ல். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த டைரக்டருக்கான பரிசை அவர் இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார். 2016-ல் பி.பி.ஸி. நிறுவனம் பல நாட்டு விமர்சகர்களைக் கேட்டு இந்த நூற்றாண்டின் சிறந்த படங்களுக்கு ஒரு பட்டியல் போட்டபோது, முதல் இடம் இதற்குத்தான் கிடைத்தது. லிஞ்ச் 2025 ஜனவரியில் காலமானார். படத்துக்கு என்ன அர்த்தம் என்று அவர் கடைசிவரை வாயைத் திறந்து சொல்லவில்லை. டி.வி.டி.யாக வெளியிட்டபோது பத்துக் குறிப்புகளை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தார். ஆஷ்டிரேயைக் கவனியுங்கள், காப்பிக் கோப்பையைக் கவனியுங்கள் என்கிற தினுசில் இருந்தன அவை. விடுகதைக்கு விடை கேட்டவரிடம் இன்னொரு விடுகதை சொல்லி அனுப்புகிற பாட்டிமார்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த ஜாதி மனிதர் அவர்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தின் கதையைச் சொல்லி யாரும் அதைக் கெடுத்துவிட முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு மேலே மலை விளிம்பில் ஓடும் சாலைக்குத்தான் முல்ஹாலண்ட் டிரைவ் என்று பெயர். ஓர் இரவு அந்தச் சாலையில் ஒரு பெரிய கார் நிற்கிறது. உள்ளே இருக்கும் அழகியைச் சுட்டுக் கொல்லப் போகிறார்கள். அந்தச் சமயம் எதிரே வந்த வண்டி மோதி, அவள் மட்டும் பிழைக்கிறாள். நினைவெல்லாம் அழிந்துபோய், தன் பெயர்கூடத் தெரியாமல், இறங்கி நடந்து வந்து ஒரு காலி வீட்டில் புகுந்துகொள்கிறாள். சுவரில் மாட்டியிருந்த பழைய சினிமாப் போஸ்டரைப் பார்த்து 'ரீட்டா' என்று தனக்குப் பெயர் வைத்துக்கொள்கிறாள். மறுநாள், நடிகையாக வேண்டும் என்ற ஆசையோடு கனடாவிலிருந்து பெட்டி என்ற பெண் அந்த வீட்டுக்கு வருகிறாள். அது அவளுடைய சித்தி வீடு. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், வெகுளித்தனம். இருவருமாக ரீட்டா யார் என்று தேடத் தொடங்குகிறார்கள். ரீட்டாவின் கைப்பையில் கட்டுக் கட்டாகப் பணமும் ஒரு நீலச் சாவியும் இருக்கின்றன. தேடல் நட்பாகி, நட்பு காதலாகிறது. கடைசியில் அந்தச் சாவிக்கு ஏற்ற ஒரு நீலப் பெட்டி கிடைக்கிறது. அதைத் திறந்ததும் எல்லாம் மறைந்துவிடுகிறது.

பிறகு ஓர் அழுக்குப் படுக்கையில் டயான் என்ற பெண் விழித்துக்கொள்கிறாள். பெட்டியாக நடித்த நவோமி வாட்ஸ்தான் இவள். ஆனால் வெளிச்சம் போய்விட்டது. இவளும் கனடாவிலிருந்து வந்தவள்தான். தோற்றுப்போன நடிகை. இவள் காதலித்த கமில்லா என்ற நடிகைக்குப் பெரிய வேஷங்கள் கிடைக்கின்றன. அவள் ஒரு டைரக்டரைக் கலியாணம் செய்துகொள்ளவும் போகிறாள். ரீட்டாவாக நடித்த லாரா ஹாரிங்தான் கமில்லா. அவமானமும் பொறாமையும் தாங்காமல் டயான் ஒரு கூலிக் கொலைகாரனைப் பிடித்து, கமில்லாவின் படத்தைக் காட்டி, "இந்தப் பெண்தான்" என்கிறாள். காரியம் முடிந்ததற்கு அடையாளமாக ஒரு நீலச் சாவி கிடைக்கும் என்கிறான் அவன். சாவி அவள் மேஜைக்கு வந்து சேருகிறது. சித்தம் கலங்கி, டயான் தன்னைத் தானே சுட்டுக்கொள்கிறாள்.

இளைஞர் சொன்னபடியே வைத்துப் பார்ப்போம். அதற்கு ஆதாரமும் உண்டு. படம் தொடங்கிய சில நிமிஷங்களில் காமிரா ஒரு சிவப்புத் தலையணையில் முகம் புதைப்பதுபோல் இறங்குகிறது. யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்கிறது. அதற்கு மேல் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. கனவு என்பது வேஷம் போட்டுக்கொண்டு நிறைவேறும் ஆசை என்று ஃபிராய்ட் சொன்னாரே, அந்தக் கணக்கிலும் எல்லாம் ஒழுங்காக விழுகிறது. ஹோட்டலில் 'பெட்டி' என்று பெயர்ச் சீட்டுக் குத்தியிருந்த பரிசாரகப் பெண்ணிடமிருந்து கனவுக்கு ஒரு பெயர் வந்துவிடுகிறது. கொலைக்குக் கொடுத்த பணம், பலியானவளின் பையிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. காரியத்தைக் கச்சிதமாக முடித்த கொலைகாரன், கனவில் ஒருவனைக் கொல்லப் போய் மூன்று பேரைக் கொன்று தடுமாறும் அசடனாகிவிடுகிறான். அவன் அசடனாக இருந்திருந்தால் கமில்லா பிழைத்திருப்பாள் அல்லவா? பேரம் நடந்தபோது கல்லா அருகே தற்செயலாக நின்று டயானைப் பார்த்த ஒருவன், கனவில் பயத்தாலேயே விழுந்து போகிறான். சாட்சி இருக்கக் கூடாது.

இவ்வளவும் சரி. ஆனால் 'கனவு' என்று முத்திரை குத்தியதும் கணக்குத் தீர்ந்துவிட்டதா? என் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தப் படம் பிறந்த விதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். லிஞ்ச் இதை முதலில் சினிமாவாக எடுக்கவே இல்லை. 1999-ல் ஏ.பி.ஸி. என்ற அமெரிக்க டெலிவிஷன் நிறுவனத்துக்காக, வாராவாரம் வளரப் போகும் ஒரு தொடரின் முதல் பகுதியாக எடுத்தார். பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். பெட்டி, ரீட்டா, நீலச் சாவி எல்லாம் அந்தரத்தில் நின்றன. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் பணம் கொடுக்க, அவர் புதிதாகச் சில பகுதிகளை எடுத்துச் சேர்த்து முழுப் படமாக்கினார். ஆகவே, முதல் காட்சியிலேயே எல்லாம் திட்டமிட்டுக் கோத்த கனவு என்று நினைப்பது அவ்வளவு பொருந்தாது. விபத்து நடந்த இடத்தில் இரண்டு துப்பறிவாளர்கள் வருகிறார்கள், ஏதோ பெரிய வேலை செய்யப் போகிறவர்கள் மாதிரி. அப்புறம் அவர்களைக் காணவே காணோம். கனவில் ஆட்கள் மறைவது சகஜம்தான் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அது நின்றுபோன தொடரின் மிச்சம் என்றுதான் தோன்றுகிறது. குறையைக் குறை என்று சொல்வதால் படம் சிறுத்துவிடாது.

இதை இவ்வளவு நிச்சயமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் என் தொடர்கதை ஒன்று பதினோராவது அத்தியாயத்தோடு நின்றுபோயிற்று. கதாநாயகி ஒரு ரயில்வே ஜங்ஷனில் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் அவளுக்கு ரயில் வரவே இல்லை. பின்னால் ஒரு பதிப்பாளர் கேட்டார் என்று அவசர அவசரமாகப் பன்னிரண்டாவது அத்தியாயம் எழுதினேன். அவளை ரயிலில் ஏற்றி, ஊர் சேர்த்து, கலியாணமும் செய்து வைத்தேன். படித்துப் பார்த்தால் சகிக்கவில்லை. நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி, ஒருவரும் அவளை வேண்டாம் என்று சொல்லாத மாதிரி எழுதியிருந்தேன். கையெழுத்துப் பிரதியைக் கட்டி வைத்துவிட்டேன்.

லிஞ்ச் செய்தது வேறு. நின்றுபோன கதையை அவர் முடித்து வைக்கவில்லை. அதை ஒதுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கனவாக மாற்றினார். வேண்டாம் என்று தள்ளப்பட்ட கதைக்குள்ளே, வேண்டாம் என்று தள்ளப்பட்ட டயானைக் குடியேற்றினார். மறுப்பை மறைக்காமல் அதையே விஷயமாக்கிவிட்டார். ஒட்டுப் போட்ட இடமே படத்தின் உயிர் நிலையாகிவிட்டது.

அப்படிப் பார்த்தால் டயானும் ஒரு கதாசிரியைதான். தன்னை நிரபராதியாகவும், தான் கொன்றவளைத் தன் தயவில் வாழ்பவளாகவும் மாற்றி ஒரு கதை எழுதுகிறாள். அதுதான் அந்தக் கனவு. நாம் எழுதும் கதைகளில் எத்தனையோ இந்த ரகம்தானே? ஆனால் அவளுக்குள் இருக்கும் கலைஞி அவளை ஏமாற விடவில்லை. பெட்டியும் ரீட்டாவும் தேடிக்கொண்டு போய் 17-ஆம் எண் வீட்டுக்குள் நுழைகிறார்கள். அங்கே ஒரு பெண் படுக்கையில் செத்து அழுகிக் கிடக்கிறாள். அது டயானின் வீடு, டயானின் படுக்கை. தப்பித்துக்கொள்வதற்காகக் கட்டிய கதையின் நடுவிலே, தன் பிணத்தையே அவள் கொண்டுவந்து வைத்துவிடுகிறாள். கனவு பொய் சொல்ல ஆரம்பித்து, உண்மையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது.

நிஜம் என்று சொல்லப்படும் கடைசிப் பகுதியோ அவ்வளவு சுத்தமான நிஜமும் அல்ல. அண்டை வீட்டுக்காரி வந்து பியானோ வடிவத்தில் இருக்கும் தன் ஆஷ்டிரேயை எடுத்துக்கொண்டு போகிறாள். சற்று நேரத்தில் வரும் காட்சியில் அது மேஜைமேல் இருக்கிறது. அப்படியானால் அது பழைய நினைவு. நினைவும் பிரமையும் நடப்பும் அங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன. விழித்துக்கொண்டவளுக்கு ஒன்றும் தெளிவாகவில்லை. கனவு கண்டபோதுதான் தெளிவாக இருந்தாள்.

படத்தின் நடுநாயகமான காட்சி ஒன்று உண்டு. நள்ளிரவில் இரு பெண்களும் 'ஸைலென்ஸியோ' என்ற அரங்கத்துக்குப் போகிறார்கள். மேடையில் ஒருவன், இங்கே வாத்தியக் கோஷ்டி கிடையாது, எல்லாம் ஒலிப்பதிவு என்று அடித்துச் சொல்கிறான். எக்காளம் ஊதுபவன் வாயிலிருந்து அதை எடுத்த பிறகும் நாதம் கேட்கிறது. பிறகு ரெபெக்கா டெல் ரியோ என்ற பாடகி வந்து, ராய் ஆர்பிஸன் பாடிப் புகழ்பெற்ற பாட்டு ஒன்றை ஸ்பானிஷ் மொழியில் பாடுகிறாள். வாத்தியமே இல்லாத வெறும் குரல். இரு பெண்களும் கண்ணீர் விடுகிறார்கள். நமக்கும் தொண்டையை அடைக்கிறது. திடீரென்று பாடகி மயங்கி விழுகிறாள். பாட்டு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது.

பொய் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இருந்தும் அழுதோம். அந்தக் கண்ணீரும் பொய்யா? வாயசைப்பவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர் என்று தெரிந்தே பல தலைமுறைகளாகக் கொட்டகையில் கண் கலங்கியவர்கள் நாம். நம்மிடம் இந்தக் கேள்விக்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஆகவே அந்த இளைஞரை மறுபடி சந்தித்தால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தம்பி, எது கனவு, எது நிஜம் என்று நீங்கள் போட்ட கோடு சரிதான். ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதைத் தள்ளிவிடாதீர்கள். டயான் செய்த பாவம் கடைசி அரைமணி நேரத்தில் இருக்கிறது. அவள் எதை அழித்தாள் என்பது அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காதவனுக்கு அந்தப் பாவத்தின் கனம் தெரியாது.

பதினோரு அத்தியாயங்களையும் நேற்றுப் பரணிலிருந்து இறக்கினேன். பன்னிரண்டாவதைக் கிழித்துவிட்டேன். அந்தப் பெண் இன்னும் டிரங்குப் பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள். ரயில் வராது என்பது அவளுக்குத் தெரியும் என்ற இடத்திலிருந்து தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.